தெரிந்த முடிவும் தீராத நகையும்
('காதலிக்க நேரமில்லை' குறித்து ஒரு வரலாற்று நோக்கு)

1964ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்ரீதரின் சித்ராலயா நிறுவனம் வெளியிட்ட 'காதலிக்க நேரமில்லை' திரைப்படத்தில் புதிர் என்று எதுவுமில்லை. முதன்முறை காண்பவர்கூட முதல் அரைமணிக்குள் அதன் முடிவைச் சொல்லிவிடலாம். காதலர் கூடுவர், வேடம் கலையும், சினந்த தந்தை இணங்குவார். இடையில் நேரக்கூடிய குழப்பங்களையும் ஏறத்தாழ வரிசைப்படுத்திவிடலாம். இருந்தும், அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், எந்தக் காட்சியில் எவர் என்ன சொல்வார் என்பதை மனப்பாடமாக அறிந்தவர்களே அதனை மீண்டும் மீண்டும் விரும்பிக் காண்கின்றனர். முடிவு தெரிந்த ஒன்று எவ்வாறு சலியாமல் நிற்கிறது என்னும் வினாவே இக்கட்டுரையைத் தோற்றுவித்தது.

கவிதைக்கென அமைந்த வட்டம் தன் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு இடம் தரலாமா என்று வினவுவோர் இருக்கக்கூடும். நம்மிடையே பழகிய வடிவம் என்றாலே பழுதுபட்ட வடிவம் என்று கருதும் போக்கு வலுத்து வருகிறது. எதிர்பாராமை ஒன்றே கவிதையின் உயிர் என்று நம் இளங்கவிஞர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கினை உரைக்க, குறுந்தொகையைக் காட்டிலும் இப்படம் எனக்கு எளிதாக உதவுகிறது.

கதை இதுதான். எஸ்டேட் உரிமையாளர் விசுவநாதனுக்கு (டி.எஸ்.பாலையா) ஒரு மகன், இரு மகள்கள். மகன் செல்லப்பா (நாகேஷ்) திரைப்படம் எடுப்பேன் என்று 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்றொரு நிறுவனத்தை வாயாலேயே நடத்துகிறான். தந்தையின் பணமே அவனது மூலதனக் கனவு. சென்னையில் படித்துத் திரும்பிய மகள்கள் நிர்மலாவும் (ராஜஸ்ரீ) காஞ்சனாவும் (காஞ்சனா). எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் (ரவிச்சந்திரன்) முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்டுப் பாடுகிறான். நிர்மலாவின் காதலைப் பெறுகிறான். ஏழைக்குப் பெண் கிடைக்காது என்பதால் தான் ஒரு கோடீசுவரரின் மகன் என்று பொய் சொல்கிறான். பொய்க்கு ஒரு தந்தை வேண்டுமே! நண்பன் வாசுவை (முத்துராமன்) நரைத்தலை முதியவராக வேடமிட்டு வரவழைக்கிறான். வாசுவோ முன்னரே சென்னையில் காஞ்சனாவைக் காதலித்தவன். கிழவேடத்தில் புகுந்த வீட்டில் தன் காதலியையே காண்கிறான். வாசுவின் உண்மைத் தந்தையும் (வி.எஸ்.ராகவன்) அதே வீட்டுக்கு வந்து சேர, குழப்பம் முற்றுகிறது.

பொய்த் தந்தையை அழைத்து வருவதும் அவன் நிற்குமிடத்தில் மெய்த் தந்தை வந்து நிற்பதும் ஆகிய இச்சூழ்ச்சியின் வயது எவ்வளவு என்பது நோக்கத்தக்கது. இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ 1509இல் ஃபெராரா நகரில் அரங்கேற்றிய 'இ சுப்போசிட்டி' என்னும் நாடகத்தில், காதலியின் வீட்டில் இடம்பெற வேண்டித் தலைவனும் பணியாளும் தம் பெயர்களை மாற்றிக்கொள்கின்றனர். வழிப்போக்கர் ஒருவரைத் தந்தையாக நடிக்கச் செய்கின்றனர். மெய்த் தந்தை வந்து கதவைத் தட்டுகிறார். அந்நாடகத்தை ஜார்ஜ் காஸ்காய்ன் ஆங்கிலத்தில் தர, அது 1566இல் இலண்டனில் நடிக்கப்பெற்றது. அதிலிருந்து அச்சூழ்ச்சியை ஷேக்ஸ்பியர் 'அடங்காப் பிடாரியை அடக்குதல்' நாடகத்துக்குள் கொண்டுவந்தார். அங்கும் ஒரு செல்வர், அவருக்கு மணமாகாத இரு மகள்கள். அங்கும் ஒரு பொய்த் தந்தை. மெய்த் தந்தையைப் பொய்யரெனச் சொல்லிச் சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் போகிறது கூத்து. அரியோஸ்தோ தம் முன்னுரையிலேயே பிளாட்டஸ், தெரன்ஸ் என்னும் உரோம நாடகாசிரியர்களுக்குத் தாம் கடன்பட்டவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவர்களோ கிரேக்கரிடம் கடன் பெற்றவர்கள்.

கிரேக்கரின் கடன் யாரிடம் என்று கேட்டால் விடை இல்லை. கி.மு. 316இல் பரிசு பெற்ற மெனாண்டரின் 'டிஸ்கோலோஸ்' நாடகம் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, எகிப்தில் கிடைத்த பாப்பிரசு ஏட்டின் வழியே 1958இல்தான் முழுமையாக அச்சேறியது. அதில் எவரையும் அண்டவிடாத கடுகடுப்பான தந்தை ஒருவர். அவர் மகளை விரும்பும் செல்வ இளைஞன், உழைப்பாளி என்று அவரை நம்பவைக்க மண்வெட்டி எடுத்து வயலில் இறங்கி முதுகு நோகிறான். அங்கே செல்வன் ஏழையாகத் தோன்ற முயல்கிறான். ஸ்ரீதரின் படத்தில் ஏழை செல்வனாகத் தோன்றுகிறான். இடையில் இரண்டாயிரத்து இருநூற்று எண்பது ஆண்டுகள்.

ஸ்ரீதரோ, அவருடன் நகைச்சுவையை எழுதிய 'சித்ராலயா' கோபுவோ அரியோஸ்தோவைப் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குச் சான்றும் இல்லை, தேவையும் இல்லை. மகளின் திருமணத்தைத் தந்தை தீர்மானிக்கும் சமுதாயம் எதுவாயினும் இக்கதை அங்கே தானாக முளைக்கும். அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்வரை அவரை ஏய்க்கும் கற்பனை மற்றவர் மனத்தில் இருந்தே தீரும். ஆகவே இக்கதையின் முடிவு நமக்குத் தெரிந்திருப்பது எழுதியவரின் குறையன்று. நாம் விரும்பும் முடிவு அது ஒன்றே என்பதால் தெரிந்திருக்கிறது.

தமிழில் இம்முளை எங்கே உள்ளது? கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் 51ஆம் பாட்டை நினைவுகூர்வோம். முன்பு சிற்றிலைக் காலால் சிதைத்துத் திரிந்தவன் இப்போது தண்ணீர் கேட்டு வாயிலில் நிற்கிறான். நீர் தரவந்த பெண்ணின் வளைக்கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவருகிறாள். அந்த ஒரு நொடியில் பெண் பொய்யொன்றைப் புனைகிறாள்: நீர் குடிக்கையில் இவனுக்கு விக்கிற்று! தாயும் நம்பி அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் நோக்கிக் கள்ளத்தனமாக நகைக்கிறான். தமிழின் காதல் நகைச்சுவை அங்கே முழுமையாக இருக்கிறது என்பது என் துணிபு. ஏய்க்கப்படுபவர் பெற்றோர், ஏய்ப்பது காதல், பொய்யைச் சொல்பவள் பெண். வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவியர் சிரிப்பது தாயின் முதுகுத் தடவலுக்குத்தான். ஆணின் துடுக்குக்கு அன்று.

ஆனால் அப்பாட்டில் வருபவள் தாய். அகப்பாடல்களில் தந்தை எங்கே? அவர் இருக்கிறார், பேசுவதில்லை. களவில் பேசுவதற்குரியோர் என்று தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் அறுவருள் தந்தைக்கு இடமில்லை. தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் குறிப்பால் உணர்த்துவாள். அறத்தொடு நிற்றல் என்னும் இந்நெடும் படிக்கட்டின் உச்சியில், திரைக்குப் பின்னால், சினங்கொண்ட ஓர் அமைதியாகவே தந்தை அமர்ந்திருக்கிறார். அவர் பேசாதது அவர் அதிகாரத்தின் அளவு. பேசாதவரைக் கண்டு சிரிக்க முடியாது.

'காதலிக்க நேரமில்லை' செய்த பெருஞ்செயல் அந்தத் தந்தையைக் கூடத்துக்கு இழுத்துவந்து பேச வைத்ததே. பேசத் தொடங்கிய நொடியில் அவருடைய அச்சுறுத்தும் உருவம் கரைந்துவிடுகிறது. அசோக் கோடீசுவரரின் மகன் என்று கேள்விப்பட்ட விசுவநாதன், நேற்றுவரை ஒருமையில் ஏசிய பையனை 'அசோகர்' ஆக்குகிறார். அத்துடன் நில்லாமல் 'மகன்' என்னும் சொல்லையும் விடாமல் 'மகர்' ஆக்கிவிடுகிறார். ஒருவனைப் பன்மையால் சொல்வதை உயர்சொற்கிளவி என்று இலக்கண நூலார் குறித்து, அது வழக்கில் வருவதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் ஒதுக்கினர். அவ்விகுதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பாலையா ஓர் எழுத்தால் காட்டிவிட்டார். பணத்தின் மதிப்பு ஏற, ஏற, னகரம் ரகரமாகிறது. உயர்திணைப் படர்க்கை விகுதிகளைப் பற்றி நான் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றிலும் இத்தனை தெளிவு இல்லை.

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையே முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை அதற்குச் சொல்கிறது. உரைகாரர் விளக்கப்படி, கேட்டதை உய்த்துணராது மெய்யென்று கொள்வது பேதைமை. கொண்டதை விடாதிருப்பது மடன். விசுவநாதன் இவ்விரண்டும் திரண்ட வடிவம். எள்ளல் செல்லப்பாவின் பங்கு. இளமை மற்றவர்க்கு. இந்தப் பொருத்தத்தை இதற்குமேல் நீட்டினால் ஆய்வேட்டு வாடை வந்துவிடும், விடுகிறேன்.

இனி, இப்படத்தை இயக்கியவரின் முன்வரலாறு. 'இரத்த பாசம்' நாடகத்தால் அறிமுகமாகிப் பிற இயக்குநர்களுக்கு உரையாடல் எழுதிவந்த ஸ்ரீதர், 1959இல் 'கல்யாணப் பரிசு' வழியே இயக்குநரானார். அடுத்து அவருக்குப் புகழ் தந்தவை 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). இடையில் 'தேன் நிலவு' (1961) போன்ற இலேசான முயற்சி இருந்தாலும், ஸ்ரீதர் என்றால் கண்ணீர், தியாகம் என்றே தமிழ் மக்கள் அறிந்திருந்தனர். 'கல்யாணப் பரிசி'ல் இரு சகோதரியர், ஒரே ஆடவன். அக்காள் அவனை விரும்புகிறாள் என்றறிந்த தங்கை தன் காதலைத் துறந்து அவனையே அக்காளுக்குக் கணவனாக்குகிறாள். மூவர் வாழ்வும் குலைகிறது. அதே படத்தில், தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதியில், தன்னை எழுத்தாளர் பைரவன் என்று பொய் சொல்லித் திரிகிறார் தங்கவேலு.

ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே ஸ்ரீதர் மீண்டும் இரு சகோதரியரை எடுத்துக்கொண்டார். இம்முறை ஆடவரும் இருவர். இவ்வொரு கணக்கு மாற்றத்தால் தியாகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. யாரும் சாக வேண்டியதில்லை. 'கல்யாணப் பரிசி'ல் ஓரத்தில் கிடந்த பொய்யன், இங்கே கதையின் நடுவுக்கு வந்தான். தங்கை சுமந்த பாரம் தந்தையின் தலைக்கு மாறிற்று. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் நோய்ப்படுக்கையில் கிடந்து, தான் இறந்தால் மனைவி மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று உருகிய முத்துராமனே இங்கே பொய் நரையோடு கோல் ஊன்றி நடக்கிறார் என்பதை அன்றைய பார்வையாளர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. துறப்பதே பெண்ணின் காதல் என்று ஐந்தாண்டு அழவைத்தவர், துறக்காத இரு பெண்களைக் காட்டிச் சிரிக்க வைத்தார். என் பார்வையில் படத்தின் புதுமை இதுவே. கதை பழையது, கண்ணீரின்மை புதியது.

அதற்கு முன் தமிழில் நகைச்சுவைப் படமே இல்லையா எனில், இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த 'சபாபதி' (1941), வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரின் கதையான 'மிஸ்ஸியம்மா' (1955) இரண்டையும் மறக்க இயலாது. ஆயினும் முழுக்க முழுக்க இளையோரின் காதலையே பொருளாகக் கொண்டு, ஈஸ்ட்மன் வண்ணத்தில், ஆழியாற்றின் நீரும் ஆனைமலையின் சரிவும் பின்னணியாக, புதுமுகங்களை நம்பி எடுத்த துணிவு வேறு. மலேயாவிலிருந்து படிக்க வந்த ரவிச்சந்திரனுக்கும், விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனாவுக்கும் இதுவே முதற்படம். ஏ.வின்சென்டின் ஒளிப்பதிவில் பகல் வெளிச்சம் மிகுதி. மறைவதற்கு இடமே இல்லாத வெளியில் மறைத்தல் பற்றிய கதை நிகழ்கிறது. கண்ணதாசனின் பாடல்களும் விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசையும் பற்றி எழுதுவதற்கு இசையறிந்தோர் நம் வட்டத்திலேயே உளர். ஒன்று மட்டும் சொல்வேன். தலைப்பைத் தொடக்கமாகக் கொண்ட பாடலைக் கிழவேட முத்துராமனுக்காகப் பாடியவர் சீர்காழி கோவிந்தராசன். தெய்வப் பாடல்களுக்கென்றே அமைந்தது போன்ற அக்கம்பீரக் குரலைக் காதல் ஏக்கமுள்ள ஒரு பொய்க் கிழவருக்குப் பொருத்தியதே ஒரு நகைச்சுவை.

இத்தனை பாராட்டியும் என் மனத்தில் ஒரு முள் உண்டு. இப்படத்தில் காதலுக்குத் தடை பணம் ஒன்றே. அசோக் எந்தச் சாதி என்று விசுவநாதன் கேட்பதே இல்லை. சொத்துக் கணக்கைத் துருவித் துருவிக் கேட்கும் ஒரு தமிழ்த் தந்தை இவ்வொரு வினாவை மறந்துபோனார் என்பதை நம்ப இயலுமா? அவ்வினா எழுந்திருந்தால் பொய்த் தந்தையால் பயனில்லை. நரைமுடியும் கோலும் அதற்கு விடையாகா. பணத்தை ஒருவன் நடித்துக் காட்டலாம், பிடிபட்டால் சிரித்துவிடலாம். சாதியை நடித்துப் பிடிபட்டவனுக்கு நம் ஊரில் என்ன நேரும் என்பது நாம் அறிந்ததே. இப்படத்தின் இனிமை அவ்வினாவை வாயிலுக்கு வெளியே நிறுத்தியதன் விலையில் பெறப்பட்டது. 2016 மார்ச்சில், ஆழியாற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த இளம் இணையர் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டனர், கணவன் உயிரிழந்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கொலைகளைத் தடுக்க மாநிலங்களுக்கு நெறிமுறைகள் வகுக்க வேண்டியதாயிற்று.

அதனால் படம் பொய்யாகிவிட்டதா? நான் அவ்வாறு கருதவில்லை. தந்தையின் இணக்கம் என்பது சிரிப்பால் பெறக்கூடியது என்னும் ஒரு கற்பனையை அது நம் முன் வைக்கிறது. நடப்பு அதற்கு நேர்மாறாக இருக்கும் ஊரில்தான் அக்கற்பனையை மக்கள் அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காண விரும்புகின்றனர். ஆயினும் அவ்வினாவைத் துணிந்து உள்ளே அழைத்து, அதன்பின்னும் சிரிக்க வைக்கும் ஒரு காதல் நகைச்சுவை, இப்படத்தின் அளவு மக்கள் மனத்தில் நிலைத்த ஒன்று, தமிழில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழகிய வடிவத்தை இகழும் நம் கவிஞர்கள் கைவைக்க வேண்டிய இடம் வடிவமன்று, இந்த விடுபாடு என்பேன்.

படம் வெள்ளி விழாக் கண்டது. தெலுங்கில் 1965இலும், ஸ்ரீதரின் இயக்கத்திலேயே இந்தியில் 'பியார் கியே ஜா' என 1966இலும், கன்னடத்தில் 1979இலும், மராத்தியில் 1985இலும் அதே கதை மீண்டும் வந்தது. ஆள்மாறாட்டத்தை நம்பிய தமிழ்ப் படங்களுக்கோ கணக்கில்லை. கோபுவின் 'காசேதான் கடவுளடா' (1972), பாலசந்தரின் 'தில்லு முல்லு' (1981) என்று ஒரு மரபே வளர்ந்தது. கதை எங்கும் பயணம் செய்யும் என்பதற்கு இவை சான்று. மூலப்படத்தில் பயணம் செய்ய மறுப்பது ஒன்று உண்டென்றால், அது பாலையாவின் குரல். நெல்லைப் பக்கத்து ஏற்ற இறக்கமோ, நாடக மேடையில் பயின்ற நிறுத்தமோ, இரண்டும் கலந்ததோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பணத்தைப் பற்றிய சொல் வரும்போது அது சற்றே தாழ்ந்து, குழைந்து, வழிபாட்டுக் குரலாகிறது.

அக்குரல் முற்றிலும் ஒடுங்கிப்போகும் காட்சி ஒன்று உண்டு. படத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் நினைவுகூர்வது அதுவே. செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் பேய்ப்படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சி. விளக்கில்லை, பேயில்லை, நல்ல வெளிச்சத்தில் இரண்டு நாற்காலிகளும் இரண்டு முகங்களுமே. காற்றின் ஓசை, கதவின் கிரீச்சொலி, காலடி என எல்லா ஒலியையும் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்புகிறார். ஓராண்டுக்கு முன் 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் முற்பிறவியையும் பாழ்மாளிகையையும் காட்டி மக்களை உண்மையாகவே நடுங்கவைத்த ஸ்ரீதர் இங்கே தம்மைத் தாமே எள்ளிக்கொள்கிறார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இக்காட்சியைக் கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைத் துணுக்கு என்று கூறுவோர் உண்டு. எனக்கு அது கதையின் திறவுகோலாகவே படுகிறது. மகன் சொல்லச் சொல்ல விசுவநாதனின் கண் விரிகிறது. கை நாற்காலியைப் பற்றுகிறது. துண்டு வாய்க்குப் போகிறது. எதிரில் இருப்பது தம் மகன், சொல்வது கற்பனை, நேரம் பகல் என்ற மூன்றும் தெரிந்தும் அவர் அஞ்சுகிறார். இல்லாத பேய்க்கு இவ்வாறு நடுங்கக்கூடியவரிடம், இல்லாத ஒரு கோடீசுவரரை அழைத்துவந்து வணங்கவைப்பதா கடினம்? அசோக்கும் வாசுவும் செய்த சூழ்ச்சி, செல்லப்பா செய்த கதைசொல்லலின் மற்றொரு படியே. அவர்கள் வென்றார்கள், படமெடுக்கப் பணம் கேட்ட செல்லப்பாவுக்குத்தான் ஒரு காசும் பெயரவில்லை. அத்தனை நன்றாகச் சொன்ன கதைக்கு அவனுக்குக் கிடைத்த பரிசு, வெலவெலத்து நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தந்தை.